தலைவர் மிதித்தார், நிரசாவா ஓடினாள்

மனித குல வரலாற்றில் மாரத்தான் ஓட்டம் இரண்டே முறைதான் பெருமைப்படும்படி நடந்திருக்கிறது. முதல் முறை கிரேக்க தேசத்தில். போர்ச் செய்தியைச் சுமந்து ஓடிவந்தவன், செய்தியைச் சொல்லிவிட்டு உயிரை விட்டான். இரண்டாம் முறை எங்கள் ஊறுகாய்க் கம்பெனியில். இங்கே யாரும் உயிரை விடவில்லை. அந்த அளவுக்கு எங்கள் நிர்வாகம் முன்னேறியிருக்கிறது.

நாகானோவில், சிகுமா ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் கம்பெனி. முள்ளங்கியையும் கீரையையும் தொட்டியில் அடுக்கி, உப்பைத் தூவி, மேலே ஒரு கல்லை ஏற்றி, அது 'மனமுவந்து' சாறு விடும்வரை காத்திருப்பது எங்கள் தொழில். பணியாளர்களையும் அதே முறையில்தான் பக்குவப்படுத்துகிறோம். கல் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

அந்த வசந்தத்தில் ஒருநாள் காலை உடற்பயிற்சி முடிந்ததும், எங்கள் முதலாளி ஆற்றைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார்.

"எதிர்க்கரை மிசோ விழுது கம்பெனியில ஒரு பொண்ணு மாரத்தான் ஓடுது போலிருக்கே. டிவியில காட்டினான்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். வெளியாட்கள் இதை ஒரு தகவல் என்று நினைப்பார்கள். மத்தியானத்துக்குள் எங்களிடம் 'மாரத்தான் ஊக்குவிப்பு ஆயத்தக் குழு' இருந்தது. ஒன்பது பேர். ஒருவருக்கும் ஓட வராது. பொது நிர்வாகப் பிரிவில் முப்பது வருடமாகத் தேநீரும் நாற்காலியும் ஏற்பாடு செய்கிறவள் என்ற தகுதியில் நானும் அதில் உறுப்பினர்.

குழுவின் தலைவர், எங்கள் பிரிவுத் தலைவர் ஒகிட்சு. முதலாளியின் அக்கா மகன். ஆனால் அதற்காக அந்தப் பதவி கிடைத்தது என்று சொல்வது அபாண்டம். வேறு காரணம் எதுவும் இல்லாததால் கிடைத்தது.

"நம்ம ஆளுங்கள்ல ஓடறவங்க யாராவது உண்டா?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு இருக்கு சார்," என்றார் உதவித் தலைவர் தகெனோ. "பொட்டலம் கட்டற இடத்துல. நிரசாவான்னு பேரு. தினம் வீட்லேர்ந்து ஓடியேதான் வேலைக்கு வருது."

"ஓடியா? ஏன்?"

"வீடு மலைமேல சார். அந்தப் பக்கம் பஸ்ஸை நிறுத்திட்டாங்க."

"பாத்தீங்களா! நாம கேக்கறதுக்கு முன்னாடியே தானா முன்வந்திருக்கா!"

நிரசாவா சயோ தலையில் வலைத்தொப்பியோடு வந்து நின்றாள். ஒப்பந்தப் பணியாளர். வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டே வந்த ஒப்பந்தம், இந்த இலையுதிர் காலத்தோடு முடிகிறது. அதற்குமேல் புதுப்பித்தால் சட்டப்படி அவளை நிரந்தரமாக்க வேண்டிவரும் என்பதால், அந்தச் சங்கடத்தை அவளுக்குத் தராமலிருக்க நிர்வாகம் முடிவு செய்திருந்தது. அவளுக்கு முன்னால் இருவருக்கும் இதே கரிசனம் காட்டப்பட்டது.

கோடை முடிந்ததும் நடக்கும் மாகாண மாரத்தானில் கம்பெனிக்காக ஓட வேண்டும் என்ற விஷயத்தைக் கேட்டாள். தலையாட்டினாள்.

"ஓடறேன் சார். ஒண்ணு கேக்கலாமா?"

அறை உறைந்துபோனது. எங்கள் கூட்டங்களில் 'ஏதாவது கேள்வி உண்டா' என்று கேட்பது, எங்கள் கோயில்களில் கும்பிடும்போது கை தட்டுவது மாதிரி, வெறும் சடங்கு. அதற்குப் பதிலாக யாரும் உண்மையிலேயே கேள்வி கேட்பதில்லை.

"நல்ல இடத்துல வந்தா என்னை நிரந்தரமாக்குவீங்களா?"

ஒகிட்சு கண்ணை மூடினார். பற்களுக்கிடையே நீளமாகக் காற்றை உறிஞ்சினார்.

"நேர்மறையா பரிசீலிப்போம்."

எங்கள் நாட்டில் பிறந்த யாருக்கும் இதன் பொருள் 'இல்லை' என்று தெரியும். நிரசாவாவும் எங்கள் நாட்டில்தான் பிறந்தவள்.

"எத்தனாவதா வரணும்னு சொன்னா வசதியா இருக்கும் சார்."

"பத்து!" என்று சொல்லிவிட்டார் ஒகிட்சு. எண்ணைக் கேட்டால் எண் வந்துவிடுகிறது, மனித பலவீனம். "பொண்ணுங்கள்ல பத்துக்குள்ள வா. வந்தா நிரந்தரம். நான் சொல்றேன்." பக்கத்து அறையில் இருந்த முதலாளியின் காதில் விழ வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். அந்த ஓட்டத்தில் மாகாணம் முழுவதிலுமிருந்து பெண்கள் நூற்றுக்கணக்கில் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்தது பயிற்சியாளர். எங்கள் நாட்டில் பின்னால் ஒருவர் சைக்கிளில் வந்து ஒலிபெருக்கியில் கத்தினால்தான் அது பயிற்சி. கத்த ஆள் இல்லாமல் ஓடுகிறவளை, ரயிலைத் தவறவிட்டவள் என்றுதான் ஊர் நினைக்கும்.

"அந்தப் பொறுப்பைத் தலைவர் தவிர வேற யார் ஏத்துக்க முடியும்!" என்றார் தகெனோ. ஏகமனதாக நிறைவேறியது.

ஒரே ஒரு சிக்கல். ஒகிட்சுவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. கம்பெனி முழுவதற்கும் இது தெரியும். ஆனால் தெரியும் என்று யாரும் காட்டிக்கொள்ள முடியாது. தபால்காரர் ஓட்டுகிறார், கோயில் பூசாரி ஓட்டுகிறார், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மழையில் குடையும் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் ஓட்டுகிறார்கள். சிறு வயதிலிருந்தே மாமாவின் காரின் பின்னிருக்கையில் வளர்ந்த ஒருவரைப் பார்த்து 'உங்களுக்கு ஓட்ட வருமா' என்று எப்படிக் கேட்பது? ஆகவே குழு, 'மிதிவண்டியுடன் நட்புறவைப் புதுப்பிக்கும் திட்டம்' ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது.

"புது சைக்கிள்னா பின்பக்கம் கொஞ்சம் ஆடும் சார்," என்றார் தகெனோ. "தயாரிப்பே அப்படித்தான். யாராவது பிடிச்சுக்கறது நல்லது."

"யாரு?"

"கூடவே ஓடத் தெரிஞ்சவங்கதான் பிடிக்க முடியும்."

எல்லோரும் வலைத்தொப்பியைப் பார்த்தோம்.

படியிறங்கும்போது அவள் என் பக்கத்தில் வந்தாள்.

"இசோபெ அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எனக்கே சைக்கிள் ஓட்டத் தெரியாது."

"என்னடி சொல்ற?"

"எங்க ஊர்ல ரோடு ஏணி மாதிரி நிக்கும். பாதி வருஷம் பனி. யாரு அங்க சைக்கிள் வெச்சிருக்கா? தெரிஞ்சிருந்தா நான் ஏன் ஓடி வர்றேன்?"

"அங்கயே சொல்லித் தொலைக்கறதுதானே!"

"யாரும் கேக்கலையேக்கா. 'உனக்குத் தெரியுமா'ன்னு என்னைக் கேட்டா, சாருக்குத் தெரியாதுன்னு ஆயிடுமில்ல?"

கம்பெனியை இவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்டவர்கள் எங்களில் ஒருவரும் இல்லை. அப்படிப்பட்டவளைத் தற்காலிகமாக வைத்திருந்தோம்.

கோடை வந்தது. சிள்வண்டுகள் கத்தத் தொடங்கும் முன்பே ஆற்றங்கரை மேட்டில் பயிற்சி தொடங்கிவிடும். நான் 'நீராகாரப் பொறுப்பாளர்'. பார்லித் தேநீரும் உப்புப் பிளம் வைத்த சோற்றுருண்டையும் என் இலாகா. ஒகிட்சு வெள்ளைக் கையுறை, விசில், ஒலிபெருக்கி சகிதம் வருவார். முன்னால் கூடை வைத்த சைக்கிள். முன்சக்கரம் நிலையாக இருக்கட்டும் என்று அந்தக் கூடையில் தகெனோ ஓர் ஊறுகாய்க் கல்லை வைத்தார். எங்கள் கம்பெனியின் நூற்றாண்டுத் தொழில்நுட்பம் அப்படித்தான் விளையாட்டுத் துறைக்குள் நுழைந்தது.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன் சார்."

"விட்டுடாத!"

"விடல சார்."

"பேச்சக் குறை! மூச்ச அடக்கு! தோளை எறக்கு!"

இதெல்லாம் ஒலிபெருக்கியில். அவள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் இருந்தாள். மேடு வந்தால் அவர் மிதிப்பதை நிறுத்திவிடுவார்.

"சார், மிதிங்க சார், ஏறமாட்டேங்குது!"

"பயிற்சியாளர் களைச்சுப்போனா ஓடறவ மனசு தளர்ந்துடும். தள்ளு!"

கல்லையும் தலைவரையும் தள்ளிக்கொண்டு அவள் மேடேறுவாள். அந்த நொடியில் தலைவரின் முகத்தில் தெரியும் முனைப்பைப் பார்த்தால், அவர்தான் அவளைச் சுமந்து போகிறார் என்று யாரும் நம்பிவிடுவார்கள்.

தினமும் தூண்டில் போட வரும் ஒரு பெரியவர் ஒருநாள் மனம் நெகிழ்ந்துபோனார்.

"இந்தக் காலத்துல அப்பாவ இப்படிப் பாத்துக்கற பொண்ணு எங்க இருக்கு? ஏம்மா, அவருக்கு உடம்புக்கு என்ன?"

மறுநாள் அந்த இடத்தில் 'பயிற்சி வளாகம், மீன்பிடிக்க வேண்டாமென்று பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று ஒரு பலகை நின்றது. மீன்கள் நன்றியுடன் இருந்தன.

பயிற்சி முடிந்து ஒகிட்சு வெந்நீர்க் குளியலுக்குப் போவார். நிரசாவா பொட்டலம் கட்டப் போவாள். மாலையில் வேலை முடிந்தாலும் கிளம்ப முடியாது. மேலதிகாரி நாற்காலியை விட்டு எழும் முன் நாங்கள் எழுவது வழக்கமில்லை. தவிர்க்க முடியாமல் எழுந்தால் அதற்கென்று ஒரு வாக்கியம் இருக்கிறது: "உங்களுக்கு முன்னாடி கிளம்பறேன், மன்னிக்கணும்." அதைக் கேட்டவர், யாராக இருந்தாலும், தலைவணங்கி, "நல்லாப் பாடுபட்டீங்க" என்று பதில் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் குழந்தைக்குப் பல் முளைக்கும்போதே இதுவும் முளைத்துவிடுகிறது. எங்கள் அலுவலகத்தில் மட்டும் அந்த வாக்கியத்துக்கு வேலை வந்ததில்லை. ஒகிட்சுவுக்கு முன்னால் யாரும் கிளம்பியதே இல்லை. அவர் பத்திரிகை படித்து முடிக்கும்வரை எல்லோரும் கணினித் திரையைப் பார்த்தபடி முனைப்பாக உட்கார்ந்திருப்போம். விடிகாலையில் மேடேறிய நிரசாவாவும், வலைத்தொப்பியோடு, எங்கள் பக்கத்தில்.

கோடை நடுவில், மூதாதையருக்கு விளக்கேற்றும் விடுமுறை முடிந்து வந்தபோது, அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அவரு இப்பல்லாம் தானாவே ஓட்டறாரு. நான் சும்மா விரலை வெச்சுக்கிட்டு வர்றேன்."

"அப்ப விட்டுட வேண்டியதுதானே?"

"விட்டா திரும்பிப் பாப்பாரு. பாத்தா விழுவாரு."

ஆனாலும் விட்டாள். ஒருநாள் காலை, பாலத்தருகே, விரலை எடுத்துவிட்டு நின்றாள். ஒகிட்சு போய்க்கொண்டே இருந்தார். வெள்ளைக் கையுறை வெயிலில் மின்ன, விசிலை ஊதிக்கொண்டு, தனியாக, அழகாகத்தான் போனார். நானே தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டப்போனேன்.

"பிடிச்சிருக்கியா?"

பதிலில்லை. திரும்பிப் பார்த்தார். மேட்டிலிருந்து சரிந்து, நெல்வயலுக்குள் தவளைகளின் நடுவே போய் உட்கார்ந்தார்.

நிரசாவா ஓடிப்போனாள். "சார்! நீங்களாவே ஓட்டினீங்க! பாலத்துலேர்ந்து இதுவரைக்கும்! நான் பிடிக்கவேயில்ல!"

"நானா?"

சேறு அப்பிய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஆறு வயதுப் பையனின் சிரிப்பு. அவர் முகத்தில் அதுவரை நான் பார்த்த எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் அவருடையது. அதற்குள் மேட்டின்மேல் தகெனோ வந்துவிட்டார்.

"ஐயோ சார்! யாரு விட்டது?"

சிரிப்பு போய்விட்டது. சாட்சி வந்துவிட்டால் பொறுப்பாளி வேண்டும். அன்றே 'சுயபரிசீலனைக் கூட்டம்' கூடியது. தலைவர் விழவில்லை, ஆதரவுதான் விலகியது என்று கண்டறியப்பட்டது. நிரசாவா இடுப்பு வளைய வணங்கி மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் முதல், தொட்டிக்குக் கட்டும் கயிற்றில் ஒரு முனையை அவள் மணிக்கட்டிலும் மறுமுனையை சைக்கிளிலும் கட்டினார்கள். தலைவர் சைக்கிள் கற்றுக்கொள்ளும் அபாயம் அத்துடன் நீங்கியது. கல்லையும் ஆளையும் இழுத்து இழுத்து நிரசாவாவின் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனது. அதை யாரும் கவனிக்கவில்லை. அது திட்டத்தின் நோக்கமில்லையே.

போட்டி நாள் வந்தது. பயிற்சியாளர்கள் பாதைக்குள் வரக்கூடாது என்பது விதி. ஓடுகிறவர்கள் வரம்பைத் தாண்டி வெளியே கால் வைத்தால் ஆட்டம் முடிந்தது என்பதும் விதி. கடைசிப் பகுதி ஆற்றங்கரைச் சாலை. மேலே மேட்டுப்பாதை பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். டிவிக்காரர்கள் அங்கேதான் நின்றார்கள். ஆகவே ஒகிட்சுவும் அங்கேதான் ஓட்டுவதாக முடிவு. பின்னால் பிடிப்பது தகெனோ.

நான் கம்பெனிக் கொடியோடு ஓரத்தில் நின்றேன். தூரத்தில் மிசோ கம்பெனிப் பெண் தெரிந்தாள். பத்தாவதாக வருகிறாள் என்று போட்டி அறிவிப்பாளரின் ஒலிபெருக்கி சொன்னது. அவளுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், எங்கள் நிரசாவா. பதினொன்று.

"வர்றா சார்! வர்றா!" என்று கத்தி, தகெனோ சைக்கிளைத் தள்ளினார். தள்ளிக்கொண்டு ஓடினார். மூன்றாவது செர்ரி மரம்வரை ஓடினார். அங்கே மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நாற்பது வருட சிகரெட் பழக்கம். ஒகிட்சு விசிலை ஊதிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார், மேட்டுப்பாதையில் அவரும் கீழே சாலையில் நிரசாவாவும் ஒரே திசையில், பக்கத்தில் பக்கத்தில்.

"தகெனோ, பிடிச்சிருக்கியா?"

பதிலில்லை.

"தகெனோ?"

திரும்பினார். யாருமில்லை. சைக்கிள் நெளியத் தொடங்கியது. ஒலிபெருக்கியைக் கழுத்தில் மாட்டி வாயருகிலேயே வைத்திருந்ததால் ஊரே கேட்டது.

"நிரசாவா! மேல வா! வந்து பிடி!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வலது கை தானாகவே உயர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு கோடை முழுவதும் கயிறு கட்டியிருந்த கை. வரம்புக் கயிற்றுக்கும் அவள் காலுக்கும் இடையே ஓரடி. அந்த ஓரடிக்கு அப்பால் தலைவர். இந்தப் பக்கம் அவள் வேலை.

கை இறங்கியது. இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, ஓட்டத்தை நிறுத்தாமலேயே, ஒகிட்சுவைப் பார்த்து வணங்கினாள்.

"உங்களுக்கு முன்னாடி கிளம்பறேன் சார், மன்னிக்கணும்!"

அவளுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

இனி நடந்ததற்குத் தலைவரைக் குறை சொல்வது, ஒரு நாகரிகத்தையே குறை சொல்வதாகும். அந்த வாக்கியத்தைக் கேட்ட பின் வணங்காமலிருக்க எங்கள் நாட்டில் யாரால் முடியும்? ஒகிட்சு கைப்பிடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தார். முதுகை நேராக வைத்து, மரியாதைக்குரிய அளவில் குனிந்தார்.

"நல்லாப் பாடு—"

முதலில் கல் போனது. பிறகு சைக்கிள். பிறகு எங்கள் தலைவர். ஆற்றோரத்து நாணலுக்குள் மறையும்வரை அவர் வணங்கிய நிலையிலேயே இருந்தார் என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன். மேட்டில் நின்றவர்கள் கை தட்டினார்கள். மிசோ கம்பெனிப் பெண் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்தாள். நிரசாவா பார்க்கவில்லை.

மிசோப் பெண்ணையும் அவளுக்கு முன்னால் ஓடியவளையும் தாண்டி, ஒன்பதாவதாக வந்தாள்.

சுயபரிசீலனைக் கூட்டத்துக்கு முதலாளியே வந்திருந்தார். ஒகிட்சுவின் கட்டுப்போட்ட கால் ஒரு மெத்தைமேல் தனி உறுப்பினர்போல வீற்றிருந்தது.

"எத்தனாவதா வந்தா?" என்றார் முதலாளி.

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் தேநீரை ஊற்றிக்கொண்டே, "ஒன்பதாவதுங்க" என்றேன்.

"ஒன்பது பத்துக்குள்ளதான்," என்றார் தகெனோ. "ஆனா..."

எங்கள் கம்பெனியில் உப்புக்கு அடுத்தபடியாக அதிகம் செலவாவது இந்த 'ஆனா'தான்.

ஒகிட்சு கண்ணை மூடினார். பற்களுக்கிடையே காற்று போனது.

"நான் நேர்மறையாத்தான் பரிசீலிச்சேன். அவ ஓடினத எல்லாரும் பாத்தீங்க. பின்னால யாரும் பிடிக்கல. யாரும் தள்ளல. தனியா ஓடினா, தனியா வந்தா. நிரந்தர வேலைன்னா என்ன? ஒருத்தர் விழுந்துடாம கம்பெனி பின்னால பிடிச்சுக்கறது. தானா நிக்கத் தெரிஞ்சவளுக்கு அது எதுக்கு? அப்படிக் கொடுத்தா அவளோட திறமைய நாம அவமானப்படுத்தின மாதிரி ஆயிடாதா?"

"ஓ, அப்படியா," என்றார் முதலாளி. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று நான் நேர்மையாகத் தேடினேன். மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என்னையும் சேர்த்து, பின்னாலிருக்கும் கையை எடுத்துவிட்டால் மூன்றாவது செர்ரி மரம்வரைகூடப் போகமுடியாத ஒன்பது நிரந்தரப் பணியாளர்கள். வாதத்தில் ஒரு குறையும் இல்லை.

அவளிடம் தகெனோ போய்ச் சொன்னார்.

"நேர்மறையா பரிசீலிச்சதுக்கு நன்றி சார்," என்றாளாம்.

அவளுடைய கடைசி நாளில், 'பயிற்சிக்கால நினைவுப் பரிசாக' அந்த சைக்கிளையே கொடுத்தார்கள். கைப்பிடியை நிமிர்த்தியிருந்தார்கள். நாணலிலிருந்து தேடி எடுத்த கல் கூடையிலேயே இருந்தது. போகிறவர் கண்ணிலிருந்து மறையும்வரை வாசலில் நின்று வணங்கி அனுப்புவது எங்கள் மரபு. வேலையை விட்டு அனுப்பும்போதும் மரபை விடமாட்டோம். எல்லோரும் வரிசையாக நின்றோம்.

"மலைவரைக்கும் தள்ளிக்கிட்டேவா போகப்போற?" என்று கேட்டேன்.

"ஏறிப் பாக்கறேன் அக்கா."

"உனக்குத்தான் தெரியாதே!"

"எப்படி ஓட்டக்கூடாதுன்னு ஒரு கோடை முழுக்கக் கிட்டயிருந்து பாத்தாச்சு. மிச்சம் இருக்கறதுதானே ஓட்டறது?"

கூடையிலிருந்த கல்லைத் தூக்கி, தகெனோவின் கையில் பத்திரமாகக் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்தாள். சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது. பழக்கதோஷம், தகெனோ கல்லைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின்னால் பிடித்தார்.

"விடுங்க சார்! நீங்க பிடிச்சா நான் விழுந்துடுவேன்!"

விட்டார். நெளிந்தது. நேரானது. போயிற்று.

"உங்களுக்கு முன்னாடி கிளம்பறேன்!" என்று குரல் மட்டும் திரும்பி வந்தது. மீதி வார்த்தைக்காக நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை.

ஊன்றுகோலில் சாய்ந்தபடி ஒகிட்சு தொண்டையைச் செருமினார்.

"பாத்தீங்களா? எல்லாம் நான் கொடுத்த பயிற்சி."

"அதுல என்ன சார் சந்தேகம்!" என்றார் தகெனோ.

மறுத்து ஒரு சொல் சொல்ல அங்கே எட்டுப் பேருக்கு வாய் இருந்தது. ஆனால் மரபு மரபுதான். போகிறவள் மறையும்வரை தலை குனிந்திருக்க வேண்டும். அவள் எப்போதோ மறைந்துவிட்டாள். நாங்கள் இன்னும் நிமிரவில்லை. தலை குனிந்து நிற்பதில் இந்த உலகத்தில் எங்களுக்கு இணை கிடையாது. அதற்காகத்தான் எங்களை நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள்.